மதியத்துக்கு பர்கரை விட்டுவிட்டு பான் மீக்கு மாறியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

அரைமணிநேர_லஞ்ச்:

சான் ஹோசேயில் வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஆபீஸில் சாப்பாடு கிடையாது, இடைவேளை அரை மணி நேரம்தான், சமைத்து எடுத்துப் போகிற ஒழுக்கம் என்னிடம் முதல் இரண்டு வாரம் இருந்தது, அப்புறம் போய்விட்டது. அதனால் எதிரே இருக்கிற பர்கர் கடையே கதி. பர்கர், ஃப்ரைஸ், ஒரு கோலா, பதின்மூன்று டாலர். ரொட்டியை அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கி அப்படியே கிடக்கும், நடுவில் இருக்கிற கீரை இலை போன வாரத்தைப் பார்த்தது. மூன்று மணிக்கு மீட்டிங்கில் கண் சொக்கும், ஐந்து மணிக்கு மறுபடி பசிக்கும்.

போன வியாழக்கிழமை பக்கத்து இருக்கை வியட்நாமிய நண்பர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். பான் மீயாம், அவர்கள் ஊர் சாண்ட்விச். கடித்ததும் மேல் ஓடு அப்பளம் மாதிரி நொறுங்கியது, உள்ளே முள்ளங்கியும் கேரட்டும் புளிப்பாக, வெள்ளரிக்காய், காம்போடு கொத்தமல்லி, பச்சை மிளகாய். அட, கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் வைத்த சாண்ட்விச்சா என்று ஒரு நிமிடம் ஒன்றும் பேசத் தோன்றவில்லை. விலை கேட்டேன். ஆறே முக்கால் டாலராம். பர்கருக்குக் கொடுப்பதில் பாதி!

அன்று சாயங்காலமே அவர் சொன்ன கடைக்குப் போனேன். பலகை முழுக்க எண்களும் தலையில் கொம்பு முளைத்த எழுத்துகளும், பின்னால் பத்து பேர் வரிசை. பயந்துபோய் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன், சிரிக்காதீர்கள். இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள், ஏதாவது வில்லங்கம் இருக்கிறதா, எப்படிக் கேட்டு வாங்குவது, காலையில் வாங்கி மதியம் வரை வைக்கலாமா? நான் மாட்டிறைச்சி சாப்பிடுவதில்லை. மனைவி சைவம், முட்டை மட்டும் பரவாயில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முறுகல்_பிரியன்:

எட்டு மாதமாக சான் ஹோசேயில் இருந்துகொண்டு பர்கர் சாப்பிட்டீர்களா? ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு குடத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குத் தண்ணீருக்குப் போன கதை. வியட்நாமுக்கு வெளியே ஒரே நகரத்தில் மிக அதிகமாக வியட்நாமியர்கள் இருக்கிற ஊர் உங்கள் ஊர்தான் ஐயா, ஒரு லட்சத்துக்கும் மேல். சனிக்கிழமை காலை ஸ்டோரி ரோட்டில் கிராண்ட் செஞ்சுரி மால் பக்கம் போங்கள். மூக்கே வழி காட்டும்.

பதினைந்து_வருஷப்_பழக்கம்:

நானும் முதல் தடவை தண்ணீர் பாட்டிலோடு திரும்பியவன்தான், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மலிவுக்கு வில்லங்கம் ஒன்றும் இல்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள், புரியும். இறைச்சி அதில் கொஞ்சம்தான், துணைக்கு வந்த மாதிரி. இடத்தை அடைப்பது ரொட்டியும் காயும். ரொட்டியைப் பெரும்பாலும் பின்பக்கம் அவர்களே சுடுகிறார்கள், முள்ளங்கியும் கேரட்டும் வினிகரில் ஊறுவது, கொத்தமல்லி கட்டுக்கணக்கில் வருவது. உட்கார நாற்காலி இருந்தால் ஆச்சரியம். பல கடைகளில் குடும்பமே நிற்கும், அம்மா கல்லாவில், மாமா அடுப்பில், பையன் காலேஜ் முடிந்து வந்து கொத்தமல்லி கிள்ளிக்கொண்டு. விளம்பரம் கிடையாது, பொம்மை கிடையாது, அட்டைப்பெட்டி கிடையாது. காசு பொருளுக்கு மட்டும். சில கடைகளில் இரண்டு வாங்கினால் ஒன்று, ஐந்து வாங்கினால் ஒன்று என்று இலவசமாகவும் தருவார்கள். கார்டு வாங்காத கடைகளும் உண்டு, கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

பலகையைப் பார்த்து மிரள வேண்டாம். எண்ணைச் சொன்னாலே போதும், அதற்காகத்தான் எண் போட்டிருக்கிறார்கள். அநேகமாக முதல் எண் 'டாக் பியெட்', அதாவது ஸ்பெஷல். அதில் பன்றி இறைச்சியை அரைத்து இலையில் சுற்றி வேகவைக்கிற சா லுவா, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், ஈரலை மசித்துத் தடவுகிற பேட்டே எல்லாம் அடுக்கி வரும். பழகாதவர்கள் முதல் நாளே அதில் குதிக்க வேண்டாம், அந்தக் குளிர்ந்த துண்டுகளில் சிலவற்றுக்குள் குருத்தெலும்பு மாதிரி நறுக்கென்று ஏதோ வரும், அது பன்றிக் காது, நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தெரிந்து கடிப்பது வேறு, தெரியாமல் கடிப்பது வேறு. 'தித் நூங்' என்றால் சுட்ட இறைச்சி, பெரும்பாலும் பன்றி, எலுமிச்சைப்புல் வாசம் வரும். முதல் தடவைக்கு அதுவோ சுட்ட கோழியோ சரி.

மாட்டிறைச்சி விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை. 'போ' என்று குரலை இறக்கிச் சொன்னால் மாடு. கிட்டத்தட்ட அதே எழுத்தில் உச்சியில் கொக்கி போட்டு, 'ப' என்று வாயைக் குவிக்காமல் இழுத்தால் அது வெண்ணெய். வெண்ணெய் என்றுதான் பெயரே தவிர, மஞ்சள் கருவையும் எண்ணெயையும் அடித்து அவர்களே செய்கிற மயோனேஸையும் அப்படியே சொல்வார்கள். பன்றி 'ஹெயோ'. கோழி 'கா'. மீனும் 'கா'. நம் எழுத்தின் அழகு அப்படி, கோழிக்கு காந்தியில் வருகிற கா, மீனுக்கு காகத்தில் வருகிற கா, அதுவும் குரலை மேலே ஏற்றி. பேட்டே சாதாரணமாகப் பன்றி ஈரல், சில இடங்களில் கோழி ஈரல், மாடு சேர்ப்பார்களா என்று சந்தேகமாக இருந்தால் கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இது எல்லாவற்றையும் விட முக்கியம், போகிற நேரம். சாயங்காலம் போனீர்கள் பாருங்கள், அங்கேதான் தப்பு. இந்த ரொட்டியில் கொழுப்பு ரொம்பக் குறைவு, ஓடு மெல்லியது, உள்ளே பாதி காற்று. அடுப்பில் நீராவி விட்டுச் சுடுவதால் ஓடு வெடித்து முறுகலாக இருக்கும். அதே காரணத்தால் சில மணி நேரத்தில் தொய்ந்து, மறுநாள் கட்டையாகிவிடும். நல்ல கடையில் ஒரு நாளைக்குப் பல தடவை சுடுவார்கள். எத்தனை மணிக்கு அடுத்த அடுப்பு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். என் கடையில் பதினொன்றே கால். அந்த நேரத்துக்குப் போனால் பொட்டலம் கையைச் சுடும், அந்த ரொட்டிக்குள் வெறும் முட்டை வைத்தாலும் போதும். அதற்கு மாறாக, உள்ளே என்ன ராஜபோகம் வைத்தாலும் நேற்றைய ரொட்டி நேற்றைய ரொட்டிதான். சாண்ட்விச் வாங்கவே வேண்டாம், சுட்ட சூட்டில் ஒரு ரொட்டியை மட்டும் வாங்கிக் காரில் உட்கார்ந்து பிய்த்துத் தின்று பாருங்கள், நான் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்று புரியும்.

ரொட்டியில் அரிசி மாவு கலந்திருக்கிறது, அதுதான் ரகசியம் என்று யாராவது இங்கே வந்து சொல்வார்கள் பாருங்கள். பெரும்பாலான கடைகளில் முழுக்கக் கோதுமைதான். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் அந்தப் பேச்சை நம்பி இறங்கிவிடாதீர்கள்.

முறுகல்_பிரியன்:

அரிசி மாவுதான் ரகசியம் என்று எழுத வாயைத் திறந்தேன். மூடிக்கொள்கிறேன்.

கத்தரிப்பூ:

உங்கள் மனைவிக்காக எழுதுகிறேன். நான் ஹூஸ்டனில் இருக்கிறேன், பெல்லேர் பக்கம், இங்கேயும் வியட்நாமியக் கடைகளுக்குக் குறைவில்லை. நான் முழுச் சைவம்.

கேட்க வேண்டிய சொல் 'சாய்'. டீ இல்லை! சைவம் என்று அர்த்தம். 'பான் மீ சாய்' என்றால் பொரித்த டோஃபு, சில கடைகளில் காளான், சோயாவில் செய்த போலி இறைச்சி, கூடவே வழக்கமான ஊறுகாய், வெள்ளரி, கொத்தமல்லி எல்லாம் வரும். எலுமிச்சைப்புல் போட்டு வறுத்த டோஃபு கிடைத்தால் விடாதீர்கள்.

நான் எதிர்பார்க்காத விஷயம் ஒன்று, வியட்நாமியரில் பௌத்தர்கள் நிறையப் பேர் சந்திரக் கணக்கில் மாதத்தின் 1-ஆம் நாளும் 15-ஆம் நாளும் சைவம் சாப்பிடுகிறார்கள். ஏறக்குறைய நம் அமாவாசை, பௌர்ணமி. அந்த நாட்களில் எங்கள் பக்கத்துக் கடையில் சைவம் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். காரணம் தெரியாமல் இரண்டு தடவை ஏமாந்துவிட்டு, இப்போது தினசரிக் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறேன். என் மாமியாருக்கு இதில் பரம திருப்தி.

கவனிக்க வேண்டியது, 'சாய்' என்று சொல்லாமல் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் சில சமயம் இறைச்சியை எடுத்துவிட்டுப் பேட்டேயைத் தடவி நீட்டிவிடுவார்கள், பேட்டே அவர்கள் கணக்கில் சட்னி மாதிரி. மீன் சாஸும் எங்கே ஒளிந்திருக்கும் என்று தெரியாது. சைவத்துக்கே தனியாக இருக்கிற கடைகள் உண்டு, அங்கே போனால் இந்தக் கவலையே இல்லை. அங்கே வெங்காயம், பூண்டு கூடப் பல நேரம் போட மாட்டார்கள், கோயில் சமையல் வழக்கம். முட்டை சாப்பிடுவார் என்றால் இன்னும் சுலபம், 'ஓப் லா' என்று கேளுங்கள், இரண்டு முட்டையைக் கலக்காமல் பொரித்து வைத்துத் தருவார்கள். மஞ்சள் கரு வழியும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட வேண்டாம்.

டொரோண்டோ_மழை:

இங்க ஸ்பதைனா வீதியில 2000-களின்ர தொடக்கத்தில ரெண்டு டொலருக்குள்ள ஒண்டு வாங்கலாம். நான் படிச்சுக்கொண்டு இரவு வேலைக்குப் போன காலம், அந்த ரெண்டு டொலர்தான் என்னைக் காப்பாத்தினது எண்டு சொன்னாலும் பிழையில்லை. இப்ப விலை கூடிப்போச்சு, எண்டாலும் பக்கத்தில இருக்கிற கோழிப்பொரியல் கடையோட பார்க்க மலிவுதான்.

எனக்கு நெடுநாளா ஒரு சந்தேகம். ரொட்டியை நாங்கள் பாண் எண்டுறம், அவையள் பான் எண்டுறினம். ரெண்டும் ஒண்டோ? முதல் தரம் கடைப் பலகையைப் பார்த்துட்டு 'அட, எங்கட பாண்' எண்டு நினைச்சுக்கொண்டுதான் உள்ளுக்க போனனான்.

பழைய_சைகோன்வாசி:

டொரோண்டோ மழை, ஆசை தீர அப்படி நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இல்லை. நம் பாண் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. வியட்நாமியர்களுடைய 'பான்' பழைய சொல், பிரெஞ்சுக்காரன் வருவதற்கு முன்பே அரிசி மாவில் செய்த பலகாரம், அடை, பணியாரம் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். 'மீ' என்றால் கோதுமை. ஆக, கோதுமைப் பலகாரம், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரன் ரொட்டியைக் கொண்டுவந்தபோது முதலில் 'மேற்கத்திப் பலகாரம்' என்று பொருள்படும் பெயரில்தான் அழைத்திருக்கிறார்கள், அப்புறம் அது அவர்களுடையதாகிவிட்டதால் மேற்கு உதிர்ந்து கோதுமை மட்டும் மிஞ்சியது.

நான் தோல் தொழிற்சாலை வேலையாக ஹோ சி மின் நகரத்தில் மூன்று வருஷம் இருந்தேன். உள்ளூர்க்காரர்கள் பேச்சில் அது இன்னும் சைகோன்தான். தினமும் காலையில் என் சந்து முனையில் ஒரு அம்மா தள்ளுவண்டி போடுவார், கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாம் அடுக்கியிருக்கும், பக்கத்தில் சின்னக் கரி அடுப்பு. ரொட்டியை அதில் ஒரு புரட்டுப் புரட்டி, கத்தரிக்கோலால் நடுவில் கிழித்து, ஒரு கையால் பேட்டே தடவி மறு கையால் காயை அமுக்கி, மேலே மேகி சாஸ் நாலு சொட்டு (நூடுல்ஸ் இல்லை, புட்டியில் வருகிற கறுப்புத் திரவம், அவர்கள் வீட்டில் உப்புக்கு அடுத்தபடி அதுதான்), பழைய செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார். பைக்கை நிறுத்தினால் போதும், இறங்கவே வேண்டாம். 20,000 டாங், ஒரு டாலர் கூட ஆகாது. இதைவிட 'ஃபாஸ்ட்' ஆன ஃபுட் எது? மெக்டொனால்ட்ஸ் அந்த ஊருக்கு வந்தது 2014-இல்தான், கே.எஃப்.சி. 1997-லேயே வந்துவிட்டது. அங்கே நான் பார்த்தவரை அவை பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கொண்டாடுகிற, ஏசியில் உட்காருகிற இடம். அவசரத்துக்கு வண்டிதான், சொகுசுக்கு பர்கர். இங்கே உங்கள் கேள்வியில் இருக்கிற கணக்கு அங்கே அப்படியே தலைகீழ்.

இந்த உள்ளே திணிக்கிற வடிவம் ரொம்பப் பழையது கூட இல்லை. பிரெஞ்சுக் காலத்தில் தட்டில் ரொட்டி ஒரு பக்கம், இறைச்சி, வெண்ணெய் ஒரு பக்கம் என்று கத்தி முள்கரண்டியோடு சாப்பிடுகிற காரியம். 1954-இல் நாடு இரண்டாகப் பிரிந்தபோது வடக்கிலிருந்து லட்சக்கணக்கில் தெற்கே வந்தார்கள். அப்படி ஹனோயிலிருந்து வந்த ஒரு தம்பதி 1958-இல் சைகோனில் 'ஹுவா மா' என்று ஒரு கடை போட்டார்கள். தட்டோடு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லாத மாணவர்களும் வேலைக்காரர்களும் வாங்கிக்கொண்டு போக வசதியாக எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தவர்களில் அவர்கள் முன்னோடிகள் என்பார்கள். ஆக அதுவும் உங்களைப் போல அரை மணி நேர லஞ்ச்காரர்களுக்காகப் பிறந்ததுதான். கடை இன்றும் காவ் தாங் தெருவில் இருக்கிறது, போயிருக்கிறேன், சந்தில் ஸ்டூல் போட்டுச் சின்ன வாணலியில் முட்டையும் இறைச்சியும் சீறச் சீறக் கொண்டுவந்து வைப்பார்கள். 1975-க்குப் பிறகு அகதிகளாகப் போனவர்கள் போன இடத்துக்கெல்லாம் இதைக் கொண்டுபோனார்கள், கலிஃபோர்னியா, சிட்னியின் கப்ரமாட்டா, பாரிஸின் 13-ஆம் வட்டாரம் என்று. ஆங்கிலேயர்களின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் 2011-இல் இந்தச் சொல் ஏறிவிட்டது.

நமக்கும் இதில் ஒரு தூரத்து உறவு உண்டு, யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். பிரெஞ்சு ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழர்கள் நிறையப் பேர் அரசு வேலைக்கு சைகோன் போனார்கள், நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்தார்கள். பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கிறது, இப்போது அங்கே கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள், சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொண்டு நிற்பார்கள். அந்த ஊரில் 'கா ரி கா' என்று ஒன்று உண்டு, தேங்காய்ப்பாலும் சர்க்கரைவள்ளியும் போட்ட கோழிக் கறி. கறி என்ற சொல் வாசலில் நின்று நம்மைப் பார்த்துக் கையாட்டுகிறது பாருங்கள். அதை இந்த ரொட்டியைப் பிய்த்து முக்கித்தான் சாப்பிடுவார்கள். சான் ஹோசேயிலும் கிடைக்கும், கேட்டுப் பாருங்கள். காந்தி கா.

டொரோண்டோ_மழை:

பாணும் கோழிக்கறியும்! பிறகென்ன, உறவில்லை எண்டு சொன்னதை வாபஸ் வாங்குங்கோ அண்ணை.

உப்பு_குறை:

எல்லோரும் ஒரேயடியாகப் புகழ்கிறீர்கள், ஒருவராவது எதிராகப் பேச வேண்டாமா? எனக்கு ரத்தக்கொதிப்பு, அதனால் இந்தக் கண்ணோடுதான் எல்லாவற்றையும் பார்க்கிறேன். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருங்கள் என்கிறது. இந்த சாண்ட்விச்சில் இறைச்சித் துண்டில் உப்பு, பேட்டேயில் உப்பு, ஊறுகாயில் உப்பு, மேலே அந்தக் கறுப்பு சாஸ் சுத்த உப்பு. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று அதே நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. ரொட்டி முழுக்க மைதா. காய் இருக்கிறது என்பதற்காக இது ஆரோக்கிய உணவு ஆகிவிடாது. பர்கரை விட்டு வெளியே வாருங்கள், சந்தோஷம், ஆனால் தினமும் மதியம் இதுதான் என்றால் என்ன வித்தியாசம்?

இன்னொன்று, காலையில் வாங்கி மதியம் வரை வைக்கலாமா என்று கேட்டிருந்தார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இறைச்சி, முட்டை மயோனேஸ் எல்லாம் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, வெயில் நாளில் காருக்குள் ஒரு மணி நேரமே அதிகம்.

பதினைந்து_வருஷப்_பழக்கம்:

உப்பு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, சண்டை போட ஒன்றும் இல்லை. எனக்கும் தினமும் சாப்பிட முடியாது, வாரத்துக்கு இரண்டு. மற்ற மூன்று நாளும் தயிர்சாதம்தான். சுட்ட கோழி, பேட்டே வேண்டாம், சாஸ் வேண்டாம், காய் கூடப் போடுங்கள் என்று சொன்னால் உப்பு கணிசமாகக் குறையும். கண் எதிரே கட்டுகிறார்கள், சொன்னபடி செய்வார்கள். ஆனால் 'என்ன வித்தியாசம்' என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் முதலில் விட்டது ஃப்ரைஸையும் கோலாவையும்தான், அது தானாக நடந்தது, ஏனென்றால் இங்கே ஒன்று சாப்பிட்டால் கூட எதுவும் தேவைப்படவில்லை. மூன்று மணித் தூக்கம் போனதற்கு பாதிக் காரணம் அது என்பது என் சொந்தக் கணக்கு.

வைக்கலாமா என்றால், வைக்காதீர்கள். கிருமிக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், பன்னிரண்டு மணிக்குள் ஊறுகாய்த் தண்ணீர் ரொட்டியை நனைத்து, நீங்கள் மறுபடி பஞ்சு ரொட்டிக்கே வந்து நிற்பீர்கள். தவிர்க்க முடியாவிட்டால் காயைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லி, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது ரொட்டியை டோஸ்டர் அவனில் மூன்று நிமிடம் காட்டுங்கள். மைக்ரோவேவில் வைத்தீர்களோ, ரப்பர்.

அரைமணிநேர_லஞ்ச்:

எல்லோருக்கும் நன்றி. போய்வந்த கதையைச் சொல்லாவிட்டால் எனக்கே தூக்கம் வராது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றேகாலுக்கு ஆபீஸிலிருந்து நழுவி கடைக்குப் போனேன். வரிசை இருந்தது, ஆனால் சர்சர் என்று நகர்ந்தது, பர்கர் கடை டிரைவ்-த்ரூவை விட வேகம். எண்ணைச் சொன்னால் போதும் என்று இங்கே படித்திருந்தும், கல்லாவில் இருந்த பாட்டியைப் பார்த்ததும் படித்ததைக் காட்ட ஆசை வந்துவிட்டது. 'பான் மீ கா' என்றேன். காந்தி, காந்தி என்று மனதில் சொல்லிக்கொண்டேதான் சொன்னேன். பாட்டி ஏதோ திருப்பிக் கேட்டார், சத்தியமாகப் புரியவில்லை, ஆனால் முகம் அவ்வளவு கனிவாக இருந்ததால் பலமாகத் தலையாட்டினேன்.

ஆபீஸுக்கு வந்து பிரித்தால் தக்காளிச் சாறில் ஊறிய மத்தி மீன்.

பக்கத்து இருக்கை நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். 'கா மோய்' கேட்டிருக்கிறார் பாட்டி, மத்தி மீனா என்று, நான் ஆமாம் ஆமாம் என்றிருக்கிறேன். சரி, வாங்கியாயிற்று என்று கடித்தேன். என்ன சொல்ல, நேற்றைய மீன் குழம்பைச் சுட்ட ரொட்டிக்குள் வைத்து மேலே கொத்தமல்லியும் மிளகாயும் போட்டுக் கொடுத்த மாதிரி இருந்தது. கோழிக்கு நான் இன்னும் போகவே இல்லை. நேற்றும் போய் அதே கா மோய், இந்தத் தடவை வேண்டுமென்றே. மத்தியில் உப்பு இருக்கிறது, உப்பு_குறை, தெரியும், வாரத்துக்கு இரண்டு என்று நிறுத்திக்கொள்கிறேன். விசைப்பலகை முழுக்க ரொட்டித் துகள், எஃப் எழுத்து அமுங்க மறுக்கிறது.

மனைவிக்கு சாய் வாங்கினேன், வெங்காயம் பூண்டு இல்லாதது அவருக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது, ஓப் லா பிடித்துவிட்டது. கூடவே அந்தக் கண்டென்ஸ்டு மில்க் போட்ட ஐஸ் காபி. சின்ன உலோக வடிகட்டியில் சொட்டுச் சொட்டாக டிகாஷன் இறங்குவதைப் பார்த்ததும் அவர் வீட்டு நினைவு வந்து அங்கேயே இரண்டாவது டம்ளர் கேட்டார். இரவு பன்னிரண்டரை வரை விழித்துக்கொண்டிருந்தார் என்பது வேறு விஷயம், அவ்வளவு கடுங்காபி.

கடைசியாக ஒன்று. அந்த முள்ளங்கி கேரட் ஊறுகாயை வீட்டில் செய்ய முடியுமா? இப்போது தயிர்சாதத்துக்கும் அதுதான் வேண்டும் என்கிறார்.

கத்தரிப்பூ:

கஷ்டமே இல்லை. வெள்ளை முள்ளங்கி, கேரட் இரண்டையும் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, ஒரு ஸ்பூன் உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கையால் பிசையுங்கள், முள்ளங்கித் துண்டை வளைத்தால் இரண்டு முனையும் தொட வேண்டும், உடையக் கூடாது, அதுவரை. கழுவிப் பிழிந்து பாட்டிலில் போட்டு, வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான தண்ணீரும் சரிபாதி, இனிப்பு தெரிகிற அளவுக்குச் சர்க்கரை கரைத்து மூழ்க ஊற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் சாப்பிடலாம், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும், ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அவ்வளவு நாள் மிஞ்சினால்.

முறுகல்_பிரியன்:

முள்ளங்கி பாட்டிலை ஆபீஸில் மட்டும் திறக்காதீர்கள். ஒரு தடவை நான் திறந்ததும், கேஸ் கசிகிறது என்று எங்கள் மாடியையே காலி செய்யப் பார்த்தார்கள்.